வாற்பேத்தைகளுக்கு ஆறவிட்ட தண்ணீர்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், கீழ்வீட்டு அனெக்ஸில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். பின்னால் ஒரு பழைய கிணறு, பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற சீமெந்துத் தொட்டி. போன மழைக்கு அந்தத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு மரத்தவளை வெள்ளை நுரையாய்க் கூடு வைத்துவிட்டுப் போனது. கொஞ்ச நாளில் நுரை இளகி, உள்ளே இருந்த வாற்பேத்தைகள் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீருக்குள் விழுந்தன. கால் முளைத்து அவை சுவரேறிப் போகும்வரை தொட்டித் தண்ணீர் கெடாமல் இருக்கவேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது இவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போது தெரியாது.

மழை விட்டது, தொட்டி வற்றத் தொடங்கியது. குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும், ஆகவே கிணற்றுத் தண்ணீர்தான் சரி என்று இரண்டு வாளி அள்ளி ஊற்றினேன். காலையில் பாதிக்கு மேல் வயிறு தெரிய மிதந்தன.

அம்மா எட்டிப் பார்த்தா. “அந்தத் தண்ணியில முழுகினா தலைமயிர் தும்பு மாதிரி நிக்குது, சவுக்காரம் நுரைக்குதில்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நான் சொன்னாக் கேக்கமாட்டாய். தவளை சொன்னாத்தான் கேப்பாய்.”

விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். உவர். பக்கத்து வளவில் பழைய வீட்டை இடித்து மாடி கட்டுகிறார்கள். அத்திவாரக் குழியில் ஊறுகிற தண்ணீரை மோட்டர் விடாமல் இறைத்துத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் தள்ளுகிறது. நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் உள்ளே வருகிறது என்பது என் ஊகம். போய்க் காவலாளியிடம் கேட்டேன். எஞ்சினியர் வந்தால் கேட்கச் சொன்னார். எஞ்சினியர் எப்போது வருவார்? அதையும் எஞ்சினியரிடம்தான் கேட்கவேண்டுமாம்.

பின்னேரங்களில் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு ரியூசன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அன்றைக்குப் பாடத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொன்னேன். எங்களுக்குத் தண்ணீர் என்பது கிளாஸில் இருப்பது. பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொள்ளலாம். தவளை தோலால் குடிக்கிறது, தோலால் மூச்சும் விடுகிறது. உப்போ, சவுக்காரமோ, எண்ணெயோ, தண்ணீரில் எது இருந்தாலும் அது உடம்புக்குள் போய்விடும். மூடிக்கொள்ள அதற்கு வாசல் இல்லை.

கடைசி வாங்கில் இருந்தவன் கை தூக்கினான். “மிஸ், இது சோதினைக்கு வருமா?”

“வராது.”

பேனைகளை மூடி வைத்தார்கள். புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதி முழுக்கப் பஸ் நெரிசலில் நின்றுகொண்டே வந்தேன்.

குழாய்த் தண்ணீரை வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைத்தால் குளோரீன் பறந்துவிடும். ஆகவே வாளிகள். இன்றைக்குப் பிடித்தது நாளைக்கு, நாளைக்குப் பிடிப்பது மறுநாளைக்கு. மேல்வீட்டில் இருக்கிற வீட்டுச் சொந்தக்கார அன்ரி படியில் நின்று பார்த்தா. அவவின் சின்ன மகன் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பியவன். அதற்குப் பிறகு பூச்சாடித் தட்டில்கூட அவ ஈரம் விடுவதில்லை.

“பிள்ளை, எனக்குத் தவளையில கோவமில்லை. வாளியிலதான் கோவம்.”

“சீலை போட்டு மூடியிருக்கிறன், அன்ரி.”

“நுளம்புக்கு உன்ர சீலை தெரியுமோ?”

சீலையின் ஓரங்களை இன்னும் இழுத்துக் கட்டினேன். அவ பயப்பட்டதில் பிழையும் இல்லை. ஆறவிடாத தண்ணீர் பேத்தைகளைக் கொல்லும். ஆறவிட்ட தண்ணீரில் நுளம்பு முட்டையிடும்.

அந்தக் கிழமையே டெங்குப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். களைத்த மனிதர், சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. வாளிச் சீலைகளைத் தூக்கிப் பார்த்தார். டோர்ச்சைத் தொட்டிக்குள் அடித்தார். நான் அவசர அவசரமாய்ச் சிங்களத்தில் விளக்கினேன்: பின்கால் வந்துவிட்டது, முன்காலும் வந்தால் போய்விடும்.

“நுளம்புக் குடம்பி இல்லை, நங்கி,” என்றார் அவரும் சிங்களத்தில், தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல. “ஆனா நாளைக்கு இருக்கலாம். தொட்டி காயவேணும். வெள்ளிக்கிழமை திரும்பி வருவன்.”

“இதுகளை எங்க விடுறது?”

அவர் உண்மையாகவே யோசித்தார். நானும் யோசித்தேன். வாய்க்கால் கறுப்பு. கான் அதைவிடக் கறுப்பு. கடல் உப்பு, கிணறும் இப்போது உப்பு. ஒரு பேசின் பேத்தையை நம்பி ஊற்ற இந்தப் பக்கத்தில் ஒரு தண்ணீர் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. “மூடி வைச்சா நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா வடிவா மூடவேணும்,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அன்ரி மேலே ஏறினா. திரும்பி வரும்போது கையில் குடை மாதிரி மடக்குகிற குழந்தை வலை இருந்தது. மகன் தொட்டிலில் கிடந்த காலத்து வலை, நீலக் கரை வைத்தது.

“உன்ர சீலையில எனக்கு நம்பிக்கை இல்லை. இதில இருக்கு,” என்றா.

மிஞ்சிய பேத்தைகளை அம்மாவின் பெரிய பேசினுக்கு மாற்றி, அதே சுவரோரம் வைத்து, வலையைக் கவிழ்த்தோம். தொட்டியைக் காயவிட்டோம். வெள்ளிக்கிழமை பி.எச்.ஐ. வந்து வலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொன்றாய் முன்கால் வந்தது. வால் சுருங்கி, விரல் நகமளவு தவளைகள் பேசின் விளிம்பில் குந்தின. காலையில் வலையைத் தூக்கிப் பிடிப்பேன். சுவரில் ஒட்டிப் போகும். எல்லாம் பிழைக்கவில்லை. பிழைத்தவை கொஞ்சம். ஆனாலும் அந்த நாட்களில் பின்னேர வகுப்புக்குப் போகத் தெம்பு இருந்தது.

நேற்றுக் கொட்டாஞ்சேனையால் வந்து கேற்றைத் திறக்கிறேன், அன்ரி பின்பக்கம் நின்று கூப்பிடுகிறா.

“பிள்ளை, இஞ்ச வா. மகன்ர வலையில ஆரோ சவுக்கார நுரையை அப்பி வைச்சிருக்கினம்.”

வலையின் உச்சியில், கீழே இருக்கிற தண்ணீரை நம்பி, புதுசாய் ஒரு கூடு. இன்னும் ஈரம். நான் சொல்லத் தேவைப்படவில்லை. அன்ரி என் முகத்தைப் பார்த்தா, பிறகு நுரையைப் பார்த்தா.

“அப்ப வலை இப்போதைக்கு மேல்வீட்டுக்கு வராது,” என்றா.

பக்கத்து வளவில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் பையைக் கழற்றாமலே வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தேன்.