பெடல்கள் இடப்பக்கம் – சரி

ஆஸ்லோவில் குளிர்காலக் காலையில் தெருவில் இறங்கி நடந்தால், நிறுத்தி வைத்திருக்கும் கார்களின் முகத்திலிருந்து ஓர் ஒயர் தொங்குவதைப் பார்க்கலாம். அதன் மறுமுனை சுவரிலுள்ள பிளக்கில் சொருகியிருக்கும். பனியில் எஞ்சின் உறைந்துவிடாமல் சூடேற்றி வைக்கும் ஏற்பாடு அது. மோட்டர்வர்மர் என்கிறார்கள். 1991-இல் நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இது தெரியாது. கார்களே மின்சாரத்தில் ஓடுகின்றன என்று நினைத்து, மதுரைப் பக்கம் பரவையில் இருந்த ஜெயா அக்காவுக்கு அப்படியே கடிதம் எழுதினேன். "இங்கே வண்டிக்குப் பெட்ரோல் வேண்டாம் அக்கா. மாட்டைக் கட்டுவதுபோலச் சுவரோரம் கட்டிப் போட்டால் போதும், காலையில் ஓடுகிறது." இரண்டு வாரத்தில் உண்மை தெரிந்து திருத்தி எழுதினேன். திருத்தம் போய்ச் சேருவதற்குள் அக்காவின் பதில் கிளம்பிவிட்டது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "அந்த வண்டிக்குக் கிளச் இருக்குமா?"

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலோடுதான் பள்ளிக்கூடம் போனாள், தட்டச்சு படித்தாள், தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பரவை வீட்டில் தனியாக இருந்தாள். காலை எட்டரை மணி பஸ், ஒன்பதே முக்காலுக்கு அலுவலகம், மதியம் நான்கு பெண்கள் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிடுவது, சாயங்காலம் திரும்புவது. அவளுக்கு இருந்த உலகம் அதுதான். நன்றாக இருக்கும் ஒரு காலை மட்டும் வைத்து ஓட்டக்கூடிய கார் ஒன்று வந்தால், எவர் கையையும் பிடிக்காமல் அந்த உலகத்துக்குப் போய்வரலாம் என்பது அவள் கணக்கு. கிளச் இல்லாத வண்டியைப் பற்றிப் பதினான்கு வருஷம் கடிதத்தில் விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்படி ஒரு வண்டி நம் ஊரிலேயே வந்தது. பெங்களூரில் செய்த சின்ன மின்சாரக் கார். 2005-ஆம் வருஷம் ஆடி மாதம் அக்கா பஸ் படியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, அதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். மருத்துவ விடுப்பு ஆவணியில் முடிகிறது. அதற்குள் வண்டி வராவிட்டால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடப் போவதாக அக்கா தொலைபேசியில் சொன்னாள். "லெட்டர் டைப் அடிச்சு ஹேண்ட்பேக்குல வச்சிருக்கேன்டா. வண்டி வந்துச்சுன்னா கிழிச்சுப் போட்டுருவேன்."

கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. கால் ஊனமுற்றவர் ஓட்டுவதற்காக வண்டியில் மாற்றம் வேண்டுமானால் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று அதில் இருந்தது. "பாதிக்கப்பட்ட கால்: வலது / இடது." பேனா அங்கே நின்றுவிட்டது. எந்தக் கால்?

நான் பதினைந்து வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். வைகையில் தண்ணீர் வந்த தேதி, வீட்டுக்கு மின் இணைப்பு கிடைத்த தேதி, ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும் எத்தனை நாள் எடுத்தது என்ற கணக்கு எல்லாம் என்னிடம் உண்டு. பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்கள் இருந்தன. அளவெடுத்துச் செய்த பூட்ஸ் கடித்து, அவள் அதைக் கழற்றி எறிந்த நாள் இருந்தது. எங்கேயும் "அக்காவின் கால்" என்றுதான் எழுதியிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்?

மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு இங்கெர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எழுபது வயதுக்காரி. "தொலைபேசியில் கேளேன்" என்றாள். கேட்க முடியாது என்றேன். "உங்களுக்குள் ஏதாவது சண்டையா?" என்றாள். இல்லை, ரொம்ப நெருக்கம், அதனால்தான் கேட்க முடியவில்லை என்றேன். என் நார்வேஜிய மொழியில் ஏதோ பிழை என்று நினைத்து மறுபடியும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்போதும் புரியவில்லை. இந்த ஊரில் தெரியாததைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. நமக்கோ, கூடப் பிறந்தவளிடம் சில கேள்விகளைக் கேட்ட மாத்திரத்தில் நாம் வெளி ஆளாகிவிடுவோம்.

கண்ணை மூடி யோசித்தேன். பள்ளிக்கூடம் போகும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். திண்டுக்கல் ரோட்டின் ஓரத்தில், லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் பக்கம் என்னை விடாமல், உள்பக்கமாக நிறுத்திக்கொண்டு நடப்பாள். அந்தக் கனம் எனக்கு இன்னும் இடது தோளில் இருக்கிறது. ஆக, அவளுடைய வலதுபக்கம் நான் நின்றிருக்கிறேன். விழுகிற பக்கத்தில்தானே தாங்குகிற ஆள் நிற்க வேண்டும்? "வலது" என்பதில் டிக் செய்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

மதுரையில் அந்தக் கம்பெனிக்குக் கடை கிடையாது. வண்டி லாரியில் வந்து பரவை மார்க்கெட்டுக்குப் பக்கத்து லாரி செட்டில் இறங்கும், பெங்களூரிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்து சரிபார்த்து ஒப்படைப்பார் என்றார்கள். நான் விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் மதுரையில் இறங்கிய அன்று வெள்ளிக்கிழமை. பெட்டியோடு ஆட்டோவில் நேரே லாரி செட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே அக்கா வந்து, அலுவலக வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை தரைவரை விழுந்து பாதத்தை மூடியிருந்தது. மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்திருந்தாள்.

"என்னடா இம்புட்டு மெலிஞ்சுட்ட? போ, போயி மொதல்ல வண்டியப் பாரு. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்" என்றாள்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, முட்டை வடிவத்தில், இளநீல நிறத்தில் நின்றது வண்டி. செட்டு மேஸ்திரி மூக்கையா அண்ணன், உசிலம்பட்டிக்காரர், அதன் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது தகரமே இல்லப்பா. நம்ம குளிக்கிற பக்கெட்டுப் பிளாஸ்டிக்கு."

"இடிச்சாலும் ஒடுங்காது அண்ணே" என்றார் பெங்களூரிலிருந்து வந்திருந்த நாகராஜ். நடுவயது, கன்னடம் கலந்த தமிழ்.

"ஒடுங்காது சரி. உருகாதுல்ல? சித்திர வெயிலு அடிச்சா ரோட்டோட ஒட்டிக்கிறப் போகுது."

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நாகராஜ் சாவியைத் திருகி வண்டியை இரண்டு அடி நகர்த்திக் காட்டினார். சத்தமே இல்லை. "ஏப்பா, ஸ்டார்ட் பண்ணாமயே தள்ளிட்டுப் போறாரு!" என்று ஒருவர் கத்தினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் ஆஸ்லோவிலேயே இரண்டு பக்கப் பட்டியல் தயாரித்திருந்தேன். கிடங்கில் வந்து இறங்கும் பொருளைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதுதான் அங்கே என் உத்தியோகம். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மோட்டார் எண், கதவின் இடைவெளி, கண்ணாடியில் கீறல், நான்கு டயர், ஸ்டெப்னி. முன் இருக்கையைத் தூக்கி அடியில் இருந்த எட்டு பேட்டரிகளிலும் தண்ணீர் மட்டம். சார்ஜ் செய்யும் ஒயரின் நீளம். சார்ஜ் காட்டும் முள் முழு அளவில் நிற்கிறதா என்பது. கடைசியில் குனிந்து காலடியைப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டையும் இடப்பக்கம் நகர்த்தி, வலப்பக்கத்தைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். சுத்தமான வேலை. "பெடல்கள் இடப்பக்கம் – சரி" என்று எழுதி டிக் போட்டேன். நேரம் பத்து நாற்பது.

"அக்கா, வா" என்றேன்.

அக்கா எழுந்தாள். இடது கையை இடது தொடைமேல் அழுத்தி ஊன்றி, முதல் அடி வைத்தாள்.

நாற்காலியிலிருந்து வண்டிக்குப் பதினோரு எட்டு. இடது கை அழுத்த, இடது முழங்கால் மடங்கி நிமிர, வலது கால் திடமாகத் தரையை மிதித்து மிதித்து அவள் வந்தாள். பத்து வருஷம் தினமும் பக்கத்தில் நடந்து பார்த்த நடை. இரண்டாம் எட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் ஒன்பது எட்டும் டார்ச்சை அணைக்காமல் நின்றேன்.

சூம்பிய பக்கத்தை அவளே தன் கையால்தான் தாங்கினாள். சும்மா இருந்த வலது கையைத்தான் என் தோளில் போட்டிருந்தாள். நான் நின்றது நல்ல காலின் பக்கம். அந்தப் பக்கத்தில் அவள் விழப்போவதே இல்லை. ரோட்டில் ஓடிவிடுவேனோ என்று என்னைத்தான் அவள் பிடித்திருந்தாள்.

அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். வலது கால் பெடலைத் தேடியது. தகட்டில் முட்டியது. மறுபடி தேடி, மறுபடி முட்டியது.

"தம்பி, இந்தப் பக்கம் ஒண்ணையும் காணமேடா."

நாகராஜ் ஓடிவந்து பார்த்தார். அக்காவின் காலையும் பார்த்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "மேடம், ரைட் லெக் அஃபெக்டெட்னு டிக் இருக்கே."

"பெங்களூருக்காரன் சொதப்பிட்டான்யா" என்று மூக்கையா அண்ணன் குரலை உயர்த்தினார். "ஆருய்யா இத எழுதுனது? அவன இங்க கூப்புடு, ரெண்டு கேள்வி கேட்டுருவோம்."

அக்கா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். என் எழுத்தை அவளுக்குத் தெரியாதா? பதினான்கு வருஷக் கடிதங்கள். ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவுங்க மேல தப்பில்லண்ணே. நாந்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"ஏந்தாயி, சொந்தக் காலு எதுன்னு ஒனக்கே மறந்துபோச்சா?"

"வயசாகுதுல்லண்ணே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எழுதியது நான் என்று இன்றுவரை அந்த லாரி செட்டில் யாருக்கும் தெரியாது.

பெடலை மாற்ற வேண்டுமானால் பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும், மூன்று மாதமாவது ஆகும் என்றார் நாகராஜ். அந்தப் பக்கத்தை நான் நிரப்பாமல் விட்டிருந்தால் போதும். வழக்கமான வண்டியே வந்திருக்கும். அதற்கு வலது கால் ஒன்று போதும். அக்கா அன்றே ஓட்டிக்கொண்டு போயிருப்பாள்.

நாகராஜ் ஓட்ட, அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள். நான் ஆட்டோவில் பின்னால் போனேன். போர்ட்டிகோவில் புதிதாக ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைத்து, மழை படாமல் அதற்கு ஒரு தகர மூடியும் போட்டிருந்தாள். நாகராஜ் ஒயரைச் சொருகிக் காட்டினார். பேட்டரிக்கு வாரம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் பாருங்கள், ஓட்டாவிட்டாலும் சார்ஜ் போடுங்கள், போடாமல் விட்டால் செத்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கூடத்தில் டி.வி.க்கு எதிரே நாற்காலி. அதன் முன்னால் தரையில் ஒரு பழைய ரப்பர் செருப்பும் ஒரு மரக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எதற்கு என்று கேட்கவில்லை. ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும். இரண்டுமே வலது காலுக்கு. செருப்பின் குதிகால் தேய்ந்திருந்தது.

சாப்பிட்ட பிறகுதான் அக்கா கேட்டாள். "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ என்ன நெனைப்ப?"

"மறந்துட்டான்னு நெனைப்பேன்" என்றாள். தட்டுகளை அடுக்கியபடியே, "மறந்தா என்னடா? சொல்லிருப்பேன்" என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஆட்டோ பேசிவிடலாம் என்றேன். ஒரே ஆள் வந்து ஏற்றி இறக்கும்படி ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

"ஆட்டோல போகத் தெரியாமயா இருக்கேன்? அலுத்துப்போச்சு தம்பி. இந்த ஒரு தடவ நானா போயிருவேன்னு இருந்தேன்."

திங்கட்கிழமை ஆட்டோவில் தல்லாகுளம் போய், ஹேண்ட்பேக்கில் இருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். நானும் கூடப் போனேன். மாடிப்படி ஏறும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்று நாட்குறிப்பில் நேரம் எல்லாம் குறித்துவிட்டு, அதன் கீழே "இடது" என்று எழுதினேன்.

கார்த்திகையில் நாகராஜ் மறுபடி வந்து பெடல்களை வலப்பக்கம் மாற்றிக் கொடுத்தார். அக்கா தொலைபேசியில் சொன்னாள்: "வண்டி இப்ப கச்சிதமா இருக்குடா. போறதுக்குத்தான் எடம் இல்ல." மார்க்கெட் வரை இரண்டு தடவை போய்வந்தாளாம். மற்றபடி வெள்ளிக்கிழமைதோறும் சார்ஜ் போடுகிறாள். ஒயர் சொருகியிருக்கும் நேரத்தில் உள்ளே உட்கார்ந்து எனக்குப் போன் செய்வாள். ஒரு சத்தமும் கேட்காது. "ஓட்டிக்கிட்டா பேசுற?" என்று ஒருநாள் கேட்டேன். "நிக்கிது" என்றாள்.

இன்று வெள்ளி. காலை எட்டு மணி. வேலைக்குக் கிளம்பினேன். வாசலில் இங்கெர் அம்மா பனியைப் பார்த்துத் தயங்கி நின்றாள். போன மாதம் அவளுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. எந்தக் கால் என்று கேட்டேன். கேட்பது இங்கே எவ்வளவு சுலபம்! இடது என்று தொட்டுக் காட்டினாள். அந்தப் பக்கம் போய்க் கையைக் கொடுத்தேன். தலையாட்டி மறுத்தாள். இடது கையால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, என்னை வலப்பக்கம் வரச் சொல்லி, என் இடது தோளில் கை வைத்தாள்.

அப்படியே பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். வழியெல்லாம் கார்கள் சுவரோரம் ஒயரில் கட்டிக் கிடந்தன. பரவையில் இப்போது மணி பன்னிரண்டரை. அக்கா தகர மூடியைத் தூக்கி, பிளக்கைச் சொருகிவிட்டு, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருப்பாள்.