ஒரு போலீஸ்காரன் கற்றுக்கொண்ட பர்மிய பாஷை

அறுபதுகளின் நடுப்பகுதி. காரைக்குடி பஸ் ஸ்டாண்டு அவுட்போஸ்டில் நான் கான்ஸ்டபிளாக இருந்தேன். வயது இருபத்தாறு. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். அவர்களில் சிலர் அங்கேயே பர்மாக்காரப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. பெட்டியைக் காணோம், புருஷனைக் காணோம், பக்கத்து வீட்டுக்காரி அடித்துவிட்டாள் என்று ஏதாவது ஒன்றுக்காக எங்களிடம் வருவார்கள். அவர்கள் அழுவார்கள், நாங்கள் விழிப்போம். விசாரணை அத்தோடு முடிந்துவிடும்.

ஒருநாள் பரேடு முடிந்ததும் இன்ஸ்பெக்டர், "யாராச்சும் ஒருத்தன் அந்தப் பாஷையக் கொஞ்சம் கத்துக்கங்கய்யா" என்றார். நான் கையைத் தூக்கினேன். சேவை மனப்பான்மையெல்லாம் இல்லை. கற்றுக்கொள்கிறவனுக்கு வாரத்தில் மூன்று நாள் சாயங்கால டியூட்டி கிடையாது என்று அவர் சொன்னதுதான் காரணம்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாய் தையல்கடை வைத்திருந்தார். ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர், கிட்டத்தட்ட என் வயதுதான். மிஷினை மிதித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார். நான் ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். 'தைன்பா' என்றால் உட்காருங்கள். 'மச்சவ்நே' என்றால் பயப்படாதீர்கள். 'பேமாலே' என்றால் எங்கே. அப்புறம் எங்கள் வேலைக்கு வேண்டிய சொற்கள்: அடித்தான், ஓடினான், திருடினான்.

"எழுதி வச்சுப் படிச்சா வராது ஸார்" என்று பாய் இரண்டு மூன்று தடவை சொன்னார். "இது காதால படிக்கிற பாஷை. ஒரே சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துனா ஒண்ணு, எறக்குனா வேற ஒண்ணு. நீங்க எல்லாத்தையும் ஒண்ணாவே சொல்றீக."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் நாற்பது வார்த்தை சேர்ந்துவிட்டது. ஸ்டேஷனில் எனக்கு 'ரங்கூன்காரன்' என்று பட்டப்பெயர். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றைக்குச் சந்தை நாள். பகல் பதினொரு மணி இருக்கும். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பர்மாக்காரப் பெண் அவுட்போஸ்டுக்குள் ஓடி வந்தாள். ஊர்க்கோடியில் கிட்டங்கி என்று சொல்கிற ஒரு பழைய நெல் குடோனில் பர்மாவிலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் தங்கியிருந்தன. அங்கே இருந்தவள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. புருஷன் வேலை தேடிச் சிங்கம்புணரிப் பக்கம் போயிருந்தான். மூச்சு வாங்க என்னென்னவோ சொன்னாள். அதில் இரண்டு சொல் எனக்குப் பிடிபட்டது. 'தமீ', அதாவது மகள். அப்புறம் 'கோ த்வா'. நோட்டின் இரண்டாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்: திருடிக்கொண்டு போய்விட்டான்.

"தமீ? கோ?" என்று கேட்டேன். வேகமாகத் தலையை ஆட்டினாள். கையை உயர்த்தி, ஒரு ஆள் உயரம் காட்டினாள். தலையில் துண்டு கட்டியிருந்ததைச் சைகையில் காட்டினாள். அப்புறம் 'பேமாலே, பேமாலே' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். 'மச்சவ்நே' என்று சொல்லி அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு லத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. மார்க்கெட் திருப்பத்தில் ஒரு குதிரை வண்டி வந்தது. உள்ளே தலையில் துண்டு கட்டிய ஒருவர். மடியில் போர்வையில் சுற்றிய ஐந்து வயதுப் பெண் குழந்தை. வண்டியை மறித்தேன். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் சீப்பு, ஊசி, ரிப்பன் விற்கிறவர். தினமும் என் கண் முன்னால் போய் வருகிறவர்தான்.

"யாரு பிள்ளைய்யா இது?"

"நம்ம கிட்டங்கிப் பிள்ளைங்க ஐயா. தேளு கொட்டிருச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். வழிய விடுங்க ஐயா."

குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன். கை கால் சில்லிட்டு, உடம்பெல்லாம் வியர்த்து, வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆளைக் கீழே இழுத்துக் கன்னத்தில் அறைந்தேன். "பிள்ளை பிடிக்கிறவன்" என்று நான்தான் சத்தம் போட்டேன். சந்தைக் கூட்டம் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அவருக்கு உதடு கிழிந்தது, ஒரு பல் போயிற்று. அடி விழும்போதெல்லாம் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "தேளுங்க ஐயா, தேளுங்க ஐயா."

ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் அவருடைய சட்டைக் காலர். அவுட்போஸ்டுக்கு வந்தோம். தாய் குழந்தையைப் பார்த்து அலறினாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் இன்னும் பெரிதாக அலறினாள். அவரைக் காட்டிக் காட்டி அதே 'கோ'வைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆமாம்மா, பிடிச்சுட்டோம்" என்றேன். அவள் கைக்குழந்தையோடு என் காலில் விழுந்தாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, "எந்திரிம்மா, இது எங்க கடமை" என்று வேறு சொன்னேன். அவரை மூலையில் உட்கார வைத்துவிட்டு வாக்குமூலம் எழுதத் தாளை எடுத்தேன்.

சத்தம் கேட்டுத் தையல்கடைப் பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். அந்தப் பெண் அவரிடம் நாலு வரி சொன்னாள். பாய் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஸார், மொதல்ல ஆஸ்பத்திரி. தேளு கொட்டுன பிள்ளை ஸார் அது."

மூலையில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, தாயையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அதே குதிரை வண்டியில் போனோம். பாய் வழியில் விவரம் சொன்னார். சீப்பு விற்கிறவர் கிட்டங்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். செங்கல் அடுக்கில் விளையாடிய குழந்தையைத் தேள் கொட்டியதும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். முதலில் தேள்கடிக்குப் பச்சிலை போடுகிற ஒருவரிடம் போய், அவர் இது பச்சிலைக்கு நிற்காது என்று சொல்லிவிட, வண்டி பிடித்திருக்கிறார். பின்னால் ஓடி வந்த தாய் வழி தவறி, காக்கிச் சட்டையைப் பார்த்து, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்க என்னிடம் வந்திருக்கிறாள்.

"கூட்டிக்கிட்டுப் போனார்னுதான் அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு ஸார். அந்தக் 'கோ'வ வாயத் தொறந்து எறக்கிச் சொன்னா கூட்டிட்டுப் போறது. உதட்டக் குவிச்சு இழுத்துச் சொன்னாத்தான் திருட்டு" என்றார் பாய்.

தேள் கொட்டி எவ்வளவு நேரம் ஆச்சு என்று டாக்டர் கேட்டார். ஒன்றே கால் மணி நேரம் என்று பாய் கணக்குச் சொன்னார். அதில் அரை மணி நேரம் என்னால் போனது. அதை நான் சொல்லவில்லை. மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்த குழந்தை, நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தது.

இன்ஸ்பெக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "பிள்ளை பொழச்சிருச்சுல்ல? விடுய்யா, எழுதிக்கிட்டு இருக்காத" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அவுட்போஸ்டு வாசலில் நின்றால், சீப்பு விற்கிறவர் வழக்கமாக நிற்கிற இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் மஃப்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். உதடு வீக்கம் வற்றவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. சொன்னார்:

"அடிச்சது சந்தையில, அம்புட்டு பேரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள வந்து கேக்குறீக. நான் சீப்ப எடுத்துக்கிட்டு அங்குட்டுப் போனா, பிள்ளை பிடிக்கிறவன் வாரான்னு பொம்பளைக பிள்ளைகளை இழுத்துக்கிறாக ஐயா."

நான் எழுந்து வந்துவிட்டேன். யூனிஃபார்மில் நின்று அத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் முதலில் முடிவு செய்தேன். முடிவு எப்படி மாறியது என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த சந்தையன்று காலையில் அவர் வீட்டுக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு, அதே திருப்பத்தில், தொப்பியும் பெல்ட்டுமாக நின்றேன். தக்காளிக் கூடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், போன வாரம் கை வைத்தவர்களிலும் சிலர் இருந்தார்கள். "இவரு பிள்ளை பிடிக்கிறவர் இல்லை. தேளு கொட்டுன பிள்ளையக் காப்பாத்த ஓடுனவரு. தப்பா நினைச்சு அடிச்சது நான்தான்" என்றேன். கடைசியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று ஒரு அம்மாள் சொன்னார். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.

கிழங்கு விற்கிற ஒரு கிழவர் எழுந்து வந்து அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சீப்பு விற்கிறவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க ஐயா. வெயில்ல நிக்காதீக, போங்க" என்றார். அன்றைக்கு மத்தியானமே அவர் பழைய இடத்தில் ரிப்பன் விற்றுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் சர்வீசில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். பாஷை தெரியாததால் வந்த தப்பு என்று இதைக் கேட்டவர்கள் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். நானும் சில காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மனிதர் தேள் கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னது பர்மிய பாஷையில் இல்லை. நான் பிறந்தது முதல் பேசுகிற தமிழில்தான் சொன்னார், அதைத்தான் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.