ஸ்பானிய மொழியில் சுற்றிய மலை

1984 ஜனவரியில் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனேன். எண்பத்திரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், ஒன்பது ரூபாய். வீட்டில் கிரிவலம் என்று சொல்லியிருந்தேன். உண்மையில், தபாலில் கற்ற ஸ்பானிய மொழியைப் பேசிப் பார்க்க ஆள் தேடிப் போனேன்.

செங்கம் ரோட்டில் கிடைத்தார், ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி பிலார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து அங்கேயே குடியேறிய அலமேலு அம்மாவின் வீட்டில் மூன்று மாதமாகக் குடியிருந்தவர். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு மெட்ராஸ் பஸ். ஊருக்குப் போனதும் கண் ஆபரேஷன். பார்வை தங்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லையாம். அதற்குள் மலையை எல்லாப் பக்கமும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்.

கூட நடக்கப்போகிற அலமேலு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “சைகையிலயே ஓட்டிட்டோம் தம்பி. நடன்னு எப்படிச் சொல்றது?”

நடப்பது கமினார், கடைசி ‘ர்’ரை எடுத்தால் கமினா, நட. பார்ப்பது மிரார், மிரா, பார். குடிப்பது பெபேர், பெபே, குடி. ஏறுவது சுபிர், இதில் மட்டும் ‘இர்’ போய் ‘ஏ’ வரும், சுபே. மரியாதையாகச் சொல்ல கமினே, பெபா என்று கடைசி எழுத்து மாறும் என்றேன்.

“மரியாதைலாம் வேணாம். எம் பொண்ணாட்டம் அவ.”

காலை ஐந்தரைக்கு வெறுங்காலில் கிளம்பினோம், பதினான்கு கிலோமீட்டர். மலைக்கு மேற்கே அடி அண்ணாமலை தாண்டியதும் பிலாரின் பாதத்தில் கொப்புளம். உட்கார்ந்துவிட்டார். ஜட்கா கூப்பிடலாம் என்றேன்.

அலமேலு அம்மா தண்ணீரை நீட்டி, “பெபே” என்றார். பிறகு முகவாயைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பி, “மிரா” என்றார்.

நானும் பார்த்தேன். கிழக்கிலிருந்து ஒற்றைக் கூம்பாகத் தெரிந்த மலை இங்கே பல முகடுகளாக எழுந்து நின்றது. பிலார் கண் கொட்டாமல் வெகுநேரம் பார்த்தார், அழுதார்.

“கமினா.” எழுந்து நடந்தார். பதினொன்றரைக்கு முடித்தோம்.

பஸ் ஸ்டாண்டில் “சுபே” என்று ஏற்றிவிட்டு அலமேலு அம்மா என்னிடம் திரும்பினார். “போயிட்டு வான்னு சொல்லணுமே.”

போ என்பதற்கு ஒரு சொல் சொன்னேன். முறைத்தார். “வெறும் போன்னு யாராவது அனுப்புவாங்களா?”

திரும்பி வருவது ரெக்ரெசார் என்றேன். மீதியை அவரே செய்துகொண்டார். ஜன்னலுக்குக் கீழே நின்று, “ரெக்ரெசா” என்றார்.

நீங்கள் போவதானால் வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள், தண்ணீர் வேண்டும். கூட நடப்பவரின் மொழியில் ஏவல் சொற்கள் நாலைந்து கற்றுக்கொள்ளுங்கள், போதும்.

மறுவருஷம் போனபோது பிலாரின் அறை பூட்டியிருந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லையாம். வாடகைக்கு விடவில்லையா என்றேன்.

“வரச் சொல்லியிருக்கேன்ல” என்றார் அலமேலு அம்மா.