சின்னம்மாவைக் கண்டுபிடித்தோம்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, பெறுபேறு வரும்வரை எனக்கு எந்த வேலையும் இல்லாமல் இருந்த நாட்களில்தான் சின்னம்மா காணாமற்போனார். தேற்றாத்தீவில் எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவில் ஒரு தகரவேலி மட்டுமே இருந்தது. அன்று காலை அம்மா சீனி வாங்கிவர என்னை அனுப்பினார். அங்கே அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கோழிக்கூடும் திறபடவில்லை. சித்தப்பா விறாந்தையில் குந்தியிருந்தார்.

"சின்னம்மா உங்கட வீட்டயா?" என்று என்னிடமே கேட்டார்.

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. விசாரணையை மாமா பொறுப்பேற்றார். அம்மாவுக்குத் தம்பி, சின்னம்மாவுக்கு அண்ணன். பிரதான வீதியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். எங்கள் ஊரில் பேஸ்புக் பரவத் தொடங்கியிருந்த காலம் அது. பாதிப் பேருக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவர் மாமாதான். அவர்களுடைய கடவுச்சொற்களை அவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தவரும் அவர்தான். ஆகவே இப்படியான விடயத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

முதலில் சின்னம்மாவின் அறையைச் சோதித்தார். கதவின் உட்பக்கக் கொண்டி உடைந்திருந்தது. நிலையில் மரம் பிளந்து, அதன்மேல் வேறொரு பலகைத் துண்டு அடிக்கப்பட்டிருந்தது. மாமா அதைப் பல கோணங்களில் படமெடுத்தார்.

"ஆரோ உள்ளுக்குப் பூந்திருக்கானுகள்," என்றார்.

"அது பழசு தம்பி," என்றார் வாசலில் நின்ற அம்மா.

"பழசெண்டா? எப்ப உடைஞ்ச?"

"பழசு," என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார். சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா அடுத்த தடயத்துக்குப் போனார்.

அன்று மாலைக்குள் ஊரில் உருவான கருத்துகளை ஒழுங்குபடுத்தினால், முதலிடம் வாவிக்கு. நாங்கள் அதை ஆறு என்றுதான் சொல்வோம். சின்னம்மா ஆற்றில் கால் வழுக்கியிருப்பார், அல்லது முதலை இழுத்திருக்கும். அடுத்தது அவரை முன்பு குவைத்துக்கு அனுப்பிய முகவர். அதற்கடுத்தது செய்வினை. வயதானவர்கள் இரண்டொருவர், யுத்தகால நினைவில், வீதியில் வெள்ளை வான் ஏதும் நின்றதா என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டு, மேற்கொண்டு பேசாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது கொழும்பில் எனக்குக் கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் வேலை. திரையிலிருந்து ஒரு கருவி மறைந்துபோனால், அது பழுதாகிவிட்டதா அல்லது யாராவது வேண்டுமென்று நிறுத்தினார்களா என்பதுதான் முதற்கேள்வி. அன்று அந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை. வராததற்குக் காரணமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு பெண்ணின் வீட்டுக்கு வருவார். சண்டை வந்தால் அவரே பையோடு தன் தாய்வீட்டுக்குப் போவார். மனைவி அந்தப் பையை விறாந்தையில் எடுத்து வைத்தால் போதும். வேறு பேச்சுத் தேவையில்லை.

"பொம்பிள தன்ட வீட்ட விட்டுப்போட்டு ஏன் கா போறா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். வீட்டில் சண்டையா என்று பொலிஸில் கேட்டபோதும் மாமா சித்தப்பாவைச் சுட்டிக்காட்டி, "சண்டையெண்டா இவரெல்லோ சேர் போயிருப்பார்?" என்றார். வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த அந்த அதிகாரி அதை விளங்கிக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்தார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் சித்தப்பாவின் பை விறாந்தையில் இருந்ததை நான் கண்டிருந்தேன். "சித்தப்பா எங்க போறார்?" என்று கேட்டபோது, "அவர் எங்கயும் போகமாட்டார் கிளி," என்றார் சின்னம்மா. மழைச் சாரலில் நனைந்தபடி பை சில நாட்கள் அங்கேயே கிடந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய விடயம் என்று எனக்கும் தோன்றவில்லை.

மாமாவுக்கு மை பார்ப்பதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எல்லா வழியையும் பார்த்துவிட வேண்டும் என்று குருக்கள்மடத்தில் ஒருவரிடம் எங்களைக் கூட்டிப்போனார். மையில் தெரிவதைப் பார்த்துச் சொல்ல ஒரு சிறுபிள்ளை தேவை. அதற்கு நான். வெற்றிலையில் கறுப்பாகப் பூசி என் முகத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"என்ன மகள் தெரியுது?"

"லைட்டு."

"உசரத்திலயா?"

"ஓம்."

எனக்குத் தெரிந்தது கூரையிலிருந்த ரியூப்லைட். அதைச் சொல்வதற்குள் அவர் கண்ணை மூடி, உயரமான இடம், வெளிச்சம், பக்கத்தில் தண்ணீர் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். மாமா சட்டென்று எழுந்தார். "பாலமீன்மடு வெளிச்சவீடு," என்றார்.

இரண்டு ஓட்டோக்களில் அந்தக் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். வெளிச்சவீட்டைப் பார்க்க வந்திருந்த எல்லோரிடமும் மாமா சின்னம்மாவின் படத்தைக் காட்டினார். எனக்கு ஐஸ்கிறீம் கிடைத்தது. போகும்போதும் வரும்போதும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியைக் கடந்துதான் போனோம். வரும்போது அங்கே நிறுத்தி மாமா எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் தேநீர் குடித்த கடைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில்தான் சின்னம்மா இருந்தார் என்பது பிறகு தெரியவந்தது.

பேஸ்புக்கில் மாமா போட்ட பதிவு கடல் கடந்து போனது. அவசரக்காரர்கள் சிலர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். ஒரே நாளில் சின்னம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் தம்புள்ளையில் ஒருவரும் கண்டார்கள். கணவனைப் பிடித்து விசாரித்தால் உண்மை வரும் என்று லண்டனிலிருந்து ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு சித்தப்பா வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். அம்மா தகரவேலிக்கு மேலால் அவருக்குச் சோறு கொடுப்பார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார்.

கடைசியில் காத்தான்குடியிலிருந்து ஒரு புடவைக்கடைப் பொடியன் மாமாவுக்கு ஒரு படம் அனுப்பினான். திறந்திருந்த யன்னலுக்கு வெளியே நின்று எடுத்த படம். தையல் மெஷினுக்கு முன்னால் சின்னம்மா. கழுத்தில் அளவுநாடா. மாமாவின் கடையில் கூட்டம் நெரிந்தது. தொலைபேசி கைக்குக் கை மாறியது.

"அவதான்."

"கொழுத்தெல்லோ போயிருக்கா," என்றார் எதிர்வீட்டு மாமி. அந்தக் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் சின்னம்மாவுக்காக அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தார். கடத்தப்பட்டவர் மெலிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார்.

அம்மா மாமாவைத் தனியே கூப்பிட்டார். "நான் மட்டும் பஸ்ஸில போய்க் கதைச்சிட்டு வாறன் தம்பி. ஒருத்தரும் வேணாம்."

"நீ பேசாம இரக்கா. ஊரே தேடியிருக்கு. மறுகா உன்னையும் தேடுறதா?"

ஒரு வான் நிறையப் போனோம். பின்னால் ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. அந்த ஒழுங்கையில் திரும்பக்கூட இடமில்லை. கதவைத் திறந்தவர் தலையில் முக்காடிட்ட, அம்மாவின் வயதுப் பெண். குவைத்தில் ஒரே வீட்டில், ஒரே குசினியில் சின்னம்மாவோடு வேலை செய்தவர் என்று பின்னர் அறிந்தேன். மாமா தொலைபேசியை நீட்டி, "இந்தக் காணாமப் போனவ..." என்று தொடங்கினார்.

"அவ காணாமப் போகல்லயே. எங்கட வீட்டுல இரிக்கா," என்றார் அந்தப் பெண். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "வந்திட்டீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. அவவ விட்டுட்டுப் போங்க."

சின்னம்மா அவருக்குப் பின்னால் வந்து நின்றார். வானைப் பார்த்தார், உயர்த்திப் பிடித்திருந்த தொலைபேசிகளைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"மதம் மாத்திப்போட்டாங்களோ தெரியா," என்று எங்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் மெல்லச் சொல்லவில்லை. ஒழுங்கையின் மறுமுனையில் அந்த ஊர் இளைஞர்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். "என்ன சொன்ன நீ?" என்று ஒருவன் கேட்டான். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்றார்.

சின்னம்மா இரு பக்கத்தையும் பார்த்தார். கழுத்திலிருந்த அளவுநாடாவை எடுத்து, சுருட்டி, அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். அவர் சின்னம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மா மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்து வானில் ஏறி என் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டதால்தான் வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். வீடுவரை அவர் என் கையைப் பிடித்தபடி வந்ததும் அந்த நினைப்பைக் கூட்டியது.

எங்கள் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். சோடாவும் பிஸ்கட்டும் பரிமாறினார்கள். 'கண்டுபிடிக்கப்பட்டார்' என்று மாமா போட்ட பதிவுக்கு வாழ்த்துகள் வந்து குவிந்தன. சின்னம்மா தன் வளவு வாசற் கடப்படியில் நின்றுகொண்டிருந்தார். வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவர்போல, யாராவது வாங்க என்று சொல்லும்வரை நின்றார். மறுநாள் மாமா ஒரு தடித்த இரும்புக் கொண்டி வாங்கிவந்து அறைக்கதவின் உட்பக்கம் பொருத்திக் கொடுத்தார். "இனி ஒரு கள்ளனும் உடைக்கேலாது," என்றார். அதை அன்போடுதான் செய்தார். அதுதான் இப்போது நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். "சும்மா," என்றார் சின்னம்மா. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். கொண்டியை உடைத்தது யார் என்பதையும், பையை வைத்தும் சித்தப்பா ஏன் போகவில்லை என்பதையும் நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். சித்தப்பாவின் தாயும் தாய்வீடும் சுனாமியோடு போய்விட்டன. அவருக்குப் போவதற்கு ஒரு வாசல் இல்லை. குடித்துவிட்டு உடைப்பதற்கு இந்த ஒரு கதவுதான் இருந்தது. "அவள் அங்க காத்தான்குடியில இருந்திருந்தா பொங்கலுக்கு வந்திருப்பாள், தீபாவளிக்கு வந்திருப்பாள்," என்றார் அம்மா. "நான் பஸ்ஸில போய்ப் பாத்திட்டு வந்திருப்பன்."

அடுத்த பொங்கலுக்கு முன்பே சின்னம்மா மறுபடி குவைத்துக்குப் புறப்பட்டார். இம்முறை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். வெளிநாட்டுக்குப் போகிற பெண்ணை எங்கள் ஊரில் யாரும் காணாமற்போனவள் என்று சொல்வதில்லை. ஏன் போகிறாய் என்றும் கேட்பதில்லை. அவர் இன்றுவரை திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு பேசுவார். ஊர்ப் புதினம் கேட்பார், வீட்டைப் பற்றிக் கேட்கமாட்டார்.

புறப்பட்ட அன்று காலை வானைச் சுற்றிச் சனம் நின்றது. சித்தப்பா பெட்டியை ஏற்றினார். சின்னம்மா ஒரு காலை வானுக்குள் வைத்தபடி என் தலையைத் தடவினார். அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"பயப்பிடாதீங்க சின்னம்மா. அங்க காணாமப் போனாலும் நாங்க வந்து கண்டுபிடிச்சிருவம்."

தலையிலிருந்த கை அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "என்ட மருமகளெல்லோ," என்று மாமா என் தோளில் தட்டினார். சின்னம்மா கையை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். அவருக்கு நல்ல சொல் ஒன்றைச் சொல்லி வழியனுப்பினேன் என்ற சந்தோசத்தில், வான் வளைவில் மறையும்வரை நான் கையசைத்துக்கொண்டே நின்றேன்.