சிவப்பு வண்டியின் காலிங் பெல்

சரியாகப் பதினொன்று நாற்பதுக்கு அந்த பெல்லை அழுத்தினேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. வண்டிக்கு அடியில் போகுமுன் சித்தப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டியிருந்தார். மூன்றாம் வகுப்பில் அப்போதுதான் மணி பார்க்கக் கற்றிருந்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஒரு பழைய காரை வாங்கி வந்து, எஞ்சினை எடுத்துவிட்டு பேட்டரியில் ஓடும்படி மாற்றப்போவதாகச் சொல்லி அதன் அடியில் படுத்தான். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். "இன்னும் பேட்டரியே வாங்கலம்மா" என்றான் மகன்.

சித்தப்பா அப்போது கருங்குழியில் லாரிப் பட்டறை மெக்கானிக். மாமல்லபுரத்தில் ஒரு கடலோர பங்களாவின் கொட்டகையில் அந்த வண்டி செத்துக் கிடந்தது. இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, பாதி வண்டி மூக்குதான். உப்புக்காற்று அதன் தரையைத் தின்றிருந்தது. அதை லாரியில் ஏற்றிவந்து, சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்புறம் இறக்கினார். துணி காயப்போடும் இடம் போய்விட்டதென்று அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்தார். விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரின் எஞ்சினை அதற்குள் வைத்தார். அரித்துப்போன தரைக்கு, பக்கத்துத் தெருவில் பைபர் படகு செய்பவர் பைபர் போட்டுக் கொடுத்தார். "ரோட்ல ஓடலன்னா கடல்ல வுட்டுக்கோ அண்ணாத்த, மெதக்கும்" என்பார் அவர், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல.

சாவி தொலைந்துபோன வண்டி. அதனால் பட்டன் வைத்து ஸ்டார்ட் செய்வது என்று சித்தப்பா முடிவெடுத்தார். தோதான பட்டன் கிடைக்கவில்லை. வீட்டுக் காலிங் பெல் சுவிட்சையே, நடுவில் மணிப்படம் போட்டதை, ஸ்டியரிங் பக்கத்துப் பலகையில் பதித்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் காலிங் பெல் இருந்தது. அது எனக்கு எட்டாது. இது எட்டியது.

அன்று அப்பாவுக்கு டியூட்டி. அம்மா மதுராந்தகம் போயிருந்தாள். சித்தப்பா காலையிலேயே பெல்லோடு சேர்த்து அந்தப் பலகை முழுவதும் சிவப்பு பெயிண்ட் அடித்தார். பிறகு வண்டியின் மூக்கைத் தூக்கிக் கல் அடுக்கினார். ஹேண்ட் பிரேக் இன்னும் மாட்டாததால், உருளாமல் இருக்க கியரில் போட்டார். பட்டறைப் பழக்கப்படி, வண்டி சரிந்தாலும் தாங்கட்டுமென்று ஸ்டெப்னி டயரை அடியில் தள்ளிவிட்டுத் தானும் நுழைந்தார்.

"பாப்பா, பெயிண்ட்டு ஈரமா கீது. மேல கை வெக்காத" என்று மட்டும் சொன்னார்.

நான் ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு விரலை மட்டும் வைத்தேன்.

கியரில் இருந்த வண்டி ஆட்டுக்கடா மாதிரி ஒரு முட்டு முட்டியது. கற்கள் சரிந்தன. மூக்கு கீழே இறங்கி ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்தது. அது மட்டும் இல்லையென்றால் சித்தப்பாவின் மார்பில் உட்கார்ந்திருக்கும். அவர் இடது கை ஸ்டெப்னிக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போய் குளியலறைச் சுவருக்குப் பின்னால் நின்றேன்.

"பாப்பா, போயி படகுக்காரர இட்டுகினு வா" என்றார் சித்தப்பா, கீழேயிருந்து.

நான் அசையவில்லை. போனால் யார் அழுத்தியது என்று கேட்பார்களே!

மறுபடி மறுபடி கூப்பிட்டார். பிறகு, "நீ இன்னா பண்ண? ஒண்ணும் பண்ல. நான்தான் கல்ல சரியா வெக்கல, நழுவிச்சி. நீ உள்ள படிச்சிகினு இருந்த" என்றார்.

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

"அம்மாகிட்டயும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்பாகிட்ட?"

பதில் வர நேரமானது. அவர் கோபித்துக்கொண்டதாக நினைத்து இன்னொரு முறை கேட்டேன். "மாட்டேண்டா கண்ணு. போ" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. பேரம் என் பக்கம் முடிந்த திருப்தியோடு கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. அதன் பிறகுதான் ஓடினேன்.

படகுக்காரர் நான்கு பேரோடு வந்தார். கரைக்குப் படகை ஏற்றுவதுபோல ஒரே மூச்சில் வண்டியின் மூக்கைத் தூக்கினார்கள். ஸ்டெப்னிக்குக் கீழே மணல் சிவந்திருந்தது. பெயிண்ட் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். "எப்டி ஆச்சி அண்ணாத்த?" என்று கேட்டதற்கு, "கல்லு நழுவிச்சிப்பா" என்றார் சித்தப்பா. வார்த்தை தவறவில்லை. படகுக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெல்லின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவரை வேனில் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இரண்டு விரல்கள் போயின. ஆனால் வண்டி ஓடியது. பெல் இருந்த ஓட்டையில் சாவி வந்தது. மிச்சமிருந்த எட்டு விரல்களால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா முதலில் என்னைத்தான் மாமல்லபுரம் வரை கூட்டிப்போனார். சவுக்குத் தோப்புக் காற்று வாய்க்குள் புகுந்து பேசவே விடவில்லை. அதுபோல ஒரு பயணம் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

விபத்து நடந்த அன்று மாலை, நான்கு மணி பஸ்ஸில் அம்மா வந்தாள். அதற்குள் தெருவே அவளுக்குச் செய்தி சொல்லிவிட்டிருந்தது. டியூட்டியிலிருந்த அப்பா நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். நான் தயாராக வைத்திருந்ததை ஒப்பித்தேன்: கல் நழுவியது, நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். அம்மா வண்டியருகே போய் பெல்லைப் பார்த்தாள். திரும்பி வந்து என் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு சமையலறையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்தாள். ரேஷன் எண்ணெய். ஸ்டவ்வுக்கே அளந்து ஊற்றுகிறவள், நுனி சிவந்திருந்த என் ஒற்றை விரலுக்கு அவ்வளவு ஊற்றினாள். அந்த வீண்செலவு ஒன்றுதான் அன்று எனக்குப் புரியவில்லை.

"நல்லா தேய்" என்றாள் அம்மா. "ஒங்கப்பா வர்றதுக்குள்ள போவணும்."