நாற்பத்தொன்றாவது மல்லிகை

வாசனைத் திரவியத் தொழிற்சாலையில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் மூக்கு மேடம். முகத்தில் மூக்கு ஒன்றும் பெரிதில்லை. கண்ணாடியே அதில் நிற்க மாட்டாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தச் சின்ன உறுப்புதான் பத்தொன்பதாம் வயதில் அவளை லேபிள் ஒட்டும் மேசையிலிருந்து கிளப்பிக் கொண்டுபோய்க் கலவை அறையில் உட்கார வைத்தது. லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று தலையைத் தூக்கி, "அந்த எலுமிச்சை டிரம் கெட்டுப்போச்சு சார்," என்றாள். டிரம் இரண்டு அறை தள்ளி, மூடியோடு இருந்தது. "ஒட்டுற வேலையை மட்டும் பாரும்மா," என்றார் அன்றைய மேனேஜர். நான்காம் நாள் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. ஐந்தாம் நாள் அவளுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மூக்கோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. அவள் வீட்டில் வெங்காயம் பால்கனியில்தான் நறுக்கப்படும், அதுவும் கதவைச் சாத்திய பிறகு. விருந்தாளிகள் தங்களுக்கே தெரியாமல் வாசலில் பரிசோதிக்கப்பட்டார்கள். மகன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டதற்கு வெளியில் சொன்ன காரணம் எதிர்காலம். உண்மைக் காரணம் காலுறை.

இத்தனைக்கும் அவளுடைய கணவர் (வாசகர்கள் இங்கே நாற்காலியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வது நல்லது) கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஊர் முழுக்கத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறந்துபோகிற விஷயத்தை, ஊருக்காகத் தினம் எட்டு மணி நேரம் நினைவில் வைத்திருப்பவர். கல்யாணத்துக்கு முன் "தண்ணி டிபார்ட்மென்ட்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது பொய்யுமில்லை. பத்து நாள் விடுப்பு முடிந்து, பதினொன்றாம் நாள் மாலை அவர் வேலையிலிருந்து திரும்பியபோதுதான் எந்தத் தண்ணீர் என்பது அவளுக்கு விளங்கியது. அதிர்ச்சியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், தூக்கிவிட அவரே ஓடிவந்தார். அது இரண்டாவது அதிர்ச்சி.

அதன் பிறகு ஓர் ஏற்பாடு உண்டானது. சண்டையில்லை, கூச்சலில்லை, வெறும் ஏற்பாடு. மாலை ஆறு மணிக்கு அவர் பின்கதவைத் தட்டுவார். அவள் திறந்துவிட்டு இரண்டடி பின்வாங்குவாள். இடப்பக்கம் குளியலறை. மூடி போட்ட வாளிக்குள் சட்டை. முதலில் ஒரு சோப்பு, அப்புறம் இன்னொரு சோப்பு. அதற்குப் பிறகே அவர் கணவர். இருபத்து நான்கு வருஷமாக இந்தச் சோதனைச் சாவடியை அவர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கடந்துவந்தார். கதவைத் திறக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். அது அவருக்குத் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. தன்னைப் பற்றி ரொம்ப நாசூக்கானவள் என்ற எண்ணம் அவளுக்கு உண்டு.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் மல்லிகை வந்து புகுந்தது.

வாசனைக் கடைகள் பல வைத்திருந்த ஓர் அம்மாள், புதிதாக ஒரு மல்லிகை வேண்டுமென்று தொழிற்சாலைக்கு வந்தார். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. மூக்கின் நுனி சுருங்குவதைத் தவிர அந்த முகத்தில் வேறு செய்தி எதுவும் வராது. மூக்கு மேடம் செய்து கொடுத்த மல்லிகையைக் காகிதப் பட்டையில் முகர்ந்துவிட்டு, "மல்லிகை மாதிரி இருக்கு," என்றார். மேனேஜர் முகம் மலர்ந்தது. "மாதிரிதான் இருக்கு," என்று அம்மாள் பட்டையைக் கீழே வைத்தார்.

இப்படி நாற்பது தடவை. ஒரு தடவை "சோப்பு போட்டுக் குளிச்ச மல்லிகை" என்றார். இன்னொரு தடவை "மல்லிகையோட போட்டோ" என்றார். நாற்பதாவதற்குத்தான் கொஞ்சம் இரக்கம் காட்டினார்: "சுத்தமா இருக்கு. உயிர்தான் இல்லை."

உயிர் எங்கே இருக்கிறது என்று மூக்கு மேடத்துக்குத் தெரியும். அதுதான் கொடுமை. அலமாரியின் அடித்தட்டில், பழுப்புப் புட்டியில், இண்டோல் என்ற பெயரில் அது இருக்கிறது. மல்லிகைப் பூவில் இயற்கையே அதைத் துளியூண்டு வைத்திருக்கிறது. அதே சமாசாரம்தான் சாக்கடையிலும் இருக்கிறது. துளியாக இருந்தால் அந்திப் பூ. கையை மீறினால் ஊர்க் கழிவு. தொழில் தெரிந்தவர்கள் மல்லிகையில் கொஞ்சம் விடுவார்கள். அவள் மட்டும் விடமாட்டாள். மாலையில் இரண்டடி தள்ளி நின்று கதவு திறந்துவிடுகிற ஒன்றை, காலையில் தராசில் வைத்து நிறுக்கச் சொன்னால் எப்படி? சோப்புக்கும் பவுடருக்கும் அது இல்லாத மல்லிகையே போதுமாக இருந்தது. இதுவரை அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தேறாத மாதிரிகளைக் கொட்டிவிட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. பெற்ற பிள்ளைகளைக் கொட்ட மனமில்லாமல் அவள் ஒவ்வொரு புட்டியையும் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கடத்திவந்து, பின்கதவருகே ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கிவைத்தாள். அதோடு அவற்றை மறந்தும் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். "திங்கக்கிழமை கடைசி, மேடம். நாற்பத்தொண்ணாவதும் தேறலைன்னா மேலிடத்துல மெஷின் வாங்கிடலாங்கறாங்க. மோந்து பாக்கற மெஷின். ஜலதோஷமே பிடிக்காதாம். உங்களுக்கு லேபிள் பக்கம்..." மீதியைச் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். அவள் தண்ணீர் குடிக்காததால் விக்கல் பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருஷ மூக்கு, புறப்பட்ட மேசைக்கே திரும்பிப் போவதா?

அந்த விக்கலோடுதான் வீட்டுக்கு வந்தாள். ஆறு மணிக்குப் பின்கதவு தட்டப்பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு திறந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து விக்கல் ஒரு மிடறு காற்றை உள்ளே இழுத்துப் போட்டது.

மல்லிகை.

மாதிரி இல்லை, மல்லிகையே. மொட்டு அவிழ்ந்து சற்று நேரமாகி, வெயில் இறங்கிவிட்ட வேளையில், யாரோ பக்கத்தில் மூச்சுவிடுவதுபோல வெதுவெதுப்பாக ஒரு மல்லிகை. பின்வாங்க வேண்டிய கால்கள் அரையடி முன்னால் போயின. காது மடல் சூடானது. நாற்பத்தாறு வயதில், கையில் கரண்டியோடு, பின்கதவில் நிற்கும் பெண்ணுக்குக் கொஞ்சமும் பொருந்தாத உணர்ச்சி அது. விக்கல் நின்றுவிட்டது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கணவர் கேட்டார். பின்வாங்காத மனைவியைப் பார்த்து அவரே இரண்டடி பின்வாங்கியிருந்தார்.

"ஒண்ணுமில்லை. போய்க் குளிங்க."

குளியலறைக் கதவு சாத்திய பிறகுதான் மூளை வேலை செய்தது. பம்ப் நிலையத்தில் ஏது மல்லிகை? நேரே மாடிக்கு ஓடினாள். மாடி வீட்டில் குடியிருந்தது அவளுடைய அக்கா.

"அக்கா, அவர் மேல மல்லிகை வாசனை வருது."

அக்கா டி.வி.யை நிறுத்தினாள். அந்த டி.வி. அதற்கு முன் மின்வெட்டுக்கு மட்டும்தான் நின்றிருக்கிறது. "நம்ம மாப்பிள்ளை மேலயா?"

"ஆமா."

"ஏண்டி, இத்தனை வருஷமா நாத்தம் வருதுன்னு அழுதே. இப்ப வாசனை வருதுன்னு அழறியா?"

"விளையாடாதேக்கா."

"நான் எங்க விளையாடறேன்? அம்பத்தோரு வயசுல ஒரு மனுஷன் மணக்க ஆரம்பிச்சா, அது தானா வர்ற மணம் இல்லை. யாரோ ஒட்டவெச்ச மணம். சட்டையை எடுத்துப் பாரு."

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும், கல்யாணமான நாளிலிருந்து தொடாத அந்த வாளியின் மூடியை அவள் திறந்தாள். காலரில் காகிதப் பட்டையை ஒற்றியெடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முறைப்படி முகர்ந்தாள். முதலில் வந்தது லேசான பச்சை இலை வாடை. அவள் நிமிர்ந்தாள். மல்லிகையில் பச்சை இலை சேர்ப்பது அவள் ஒருத்தியின் கைப்பழக்கம். அதுவும் இந்த அளவு ஒரே ஒரு மாதிரியில்தான். இது அவளுடைய இருபத்து மூன்றாவது மல்லிகை!

அதன் அடியில் மெல்ல எழுந்தது பழுப்புப் புட்டி. ஒரு துளி கூடவில்லை, ஒரு துளி குறையவில்லை.

அவள் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி உட்கார்ந்தாள். இருபத்து மூன்றாவது மாதிரி போன இடம் ஒன்றே ஒன்று: கறுப்புக் கண்ணாடி அம்மாள். அப்படியானால் அந்த அம்மாள் வெளியே உதட்டைப் பிதுக்கிவிட்டு, வீட்டில் வைத்து அதைச் சரிசெய்து, கொண்டுபோய் இவர் சட்டையில் பூசியிருக்கிறாள். பின்கதவருகே செருப்புப் பெட்டி, ஒரு புட்டியளவு காலி இடத்தோடு, இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்ட அக்கா வாயில் கை வைத்தாள். "கடை கடையா வெச்சிருக்கற அம்மாவா? மாப்பிள்ளை இத்தனை பெரிய ஆள்னு நமக்குத் தெரியாமப் போச்சே!"

"அதுகூடப் போகுதுக்கா," என்றாள் மூக்கு மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னைவிட நல்லா மல்லிகை பண்றாளே, அதைத்தான் தாங்க முடியலை."

அன்று மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தவள் பின்வாங்கவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யாரு அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"கறுப்புக் கண்ணாடி."

கணவர் யோசித்தார். "எங்க இடத்துல வெல்டிங் பண்றவன்தான் கறுப்புக் கண்ணாடி போடுவான். அவன் ஆம்பளைம்மா."

அவள் வாளியிலிருந்த சட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் மெதுவாகக் கால்சட்டைப் பையில் கை விட்டு ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். அவள் கையெழுத்தில் எண் இருபத்து மூன்று.

"பெட்டியில முன்னாடி இருந்துச்சு, எடுத்துட்டேன். கேக்காம எடுத்தது தப்புதான்."

"எதுக்கு?"

"எப்பவும் அங்கயே ஒரு குளியல் போட்டுட்டுத்தான் கிளம்புவேன். பைப் உடைஞ்சு பன்னண்டு நாளாச்சு. அப்படியே வர்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு. அதான் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி காலர்ல ரெண்டு சொட்டு."

"பன்னண்டு நாளாவா? எனக்கு நேத்துதானே வாசனை வந்துது!"

"முன்னாடி எப்படி வரும்? நீதான் மூச்சே விடறதில்லையே."

பதினொன்றாம் நாள் அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன் ஒன்றுமேயில்லை.

"தோள் ரெண்டும் மேல ஏறும். கன்னம் லேசா உப்பும்," என்று அவர் சொன்னார். குரலில் குறை எதுவும் இல்லை. பம்பின் அழுத்தத்தைப் படித்துச் சொல்வதுபோல இருந்தது. "நான் குளியலறைக் கதவைச் சாத்தினதும் புஸ்ஸுனு சத்தம் வரும். சரி, நம்ம வீட்டுக்கு வந்துட்டோம்னு நினைச்சுப்பேன். உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. மூக்குதானே உனக்குத் தொழில். ஆனாலும் ஒரு ஆசை. ஒரு நாளாவது கதவைத் திறந்துட்டு நீ சும்மா மூச்சு விடணும்."

நாசூக்கான பெண்மணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் அவள் யார்? மூக்கு மேடம். அழுவதற்கு இழுத்த மூச்சிலேயே கணக்கு தெரிந்துவிட்டது. மல்லிகையை யாரும் சரிசெய்யவில்லை. அவள் விட மறுத்த துளியை, பன்னிரண்டு நாளாக, இந்த மனிதர் உடம்பிலேயே சுமந்து வந்து சேர்த்திருக்கிறார்.

"சட்டையைக் கழட்டாதீங்க," என்றாள்.

"ஏன்?"

"நாளைக்கும் கழட்டாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, செய்தி ஏதாவது உண்டா என்று கீழே இறங்கிவந்த அக்கா, கூடத்தில் கண்ட காட்சி இது: மாப்பிள்ளை துவைக்காத சட்டையோடு நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருக்கிறார், தங்கை அவர் காலரில் முகத்தைப் புதைத்திருக்கிறாள், ஒரு கையில் பென்சில். "பட்டப்பகல்லயா!" என்று சொல்லிவிட்டு அக்கா வந்த வேகத்தில் மாடியேறினாள். "அக்கா, இது ஆபீஸ் வேலை!" என்று தங்கை கத்தியதை அவள் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை மூக்கு மேடம் அடித்தட்டிலிருந்து பழுப்புப் புட்டியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பைப் பார்த்துப் பார்த்து நிறுத்தாள். மாதிரியோடு அனுப்பும் படிவத்தில் "எழுப்பும் உணர்வு" என்று ஒரு வரி உண்டு. நாற்பது படிவத்திலும் "தூய்மை" என்று எழுதியவள், இந்தத் தடவை ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு "அதிர்ச்சி" என்று எழுதினாள்.

அம்மாள் பட்டையை முகர்ந்தார். மூக்கு நுனி சுருங்கவில்லை. மறுபடி முகர்ந்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாதாரணக் கண்கள்தான், நனைந்திருந்தன.

"யாரோ வந்து பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அம்மாள். "நின்னுட்டு, போகாம இருக்கற மாதிரி. எங்கேருந்து பிடிச்சீங்க இதை?"

"பின்வாசல்லேருந்துங்க."

அடக்கத்தைப் பாருங்கள் என்று மேனேஜர் பெருமையாகச் சிரித்தார். மோந்து பார்க்கும் மெஷினைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

அன்று அவள் ஐந்தரைக்கே பின்கதவருகே போய் நின்றுவிட்டாள். தலையை வாரியிருந்தாள். கரண்டியை உள்ளேயே வைத்துவிட்டாள். இருபத்து நான்கு வருஷக் கடனை ஒரே மூச்சில் தீர்த்துவிடும் உத்தேசம். ஆறு மணிக்குக் காலடிச் சத்தம் கேட்டது. தட்டும்வரை பொறுக்காமல் கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

சோப்பு.

சோப்பு மட்டும்தான். கண்ணைத் திறந்தாள். ஈரத் தலையும் பளபளக்கும் முகமுமாக அவர் நின்றிருந்தார். "பைப்பைச் சரிபண்ணிட்டாங்கம்மா! மூணு குளியல் போட்டுட்டு வர்றேன்," என்று இருபத்து மூன்றாம் எண் புட்டியை நீட்டினார். "இந்தா, இனிமே இது வேண்டாம்."

"உங்களை யாருங்க குளிக்கச் சொன்னது?" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடியில் டி.வி. நின்றது.

அவர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் இரண்டும் மேலேற, கன்னம் லேசாக உப்ப, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.