மேஜையை மீட்ட அடுப்பு

டாஸ்மேனியாவில் ஹுவான் ஆற்றங்கரைக்குக் குளிர் வந்தால், கிளெனிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜை காணாமல் போய்விடும். மேஜை அங்கேயேதான் நிற்கும். அதன்மேல் நாற்காலிகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். அவள் கணவன் லிண்டன் பழைய நாற்காலிகளைச் செப்பனிடுகிறவன். அந்தக் குளிரில் அவன் பட்டறைக் கொட்டகையில் பசை பிடிக்காது. அங்கே குளிர்காலம் தொடங்கும் மே மாதம் பிறந்ததும் பசை டப்பாவோடு சமையலறைக்குக் குடிவந்துவிடுவான். இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

கொட்டகைக்கு ஓர் அடுப்பு கட்டுகிறேன் என்று அவன் சொல்லத் தொடங்கிப் பல வருஷமாகிறது. கிளெனிஸ் ஆப்பிள் தோட்டத்து டிரெய்லர்களுக்கு வெல்டிங் வைத்தே ஓய்வு பெற்றவள். இந்த வருஷத்தின் முதல் நாற்காலி உள்ளே வந்ததும், கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

அடுப்பாக்குவதற்காகப் பழைய கேஸ் சிலிண்டர் ஒன்றின் வால்வைக் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மிச்ச வாயுவை விரட்டிய பிறகே அறுத்தாள். வீட்டு விறகை வைத்துப் பார்த்துக் கதவுக்கு அளவெடுத்தாள். பக்கத்து மாட்டுப்பண்ணை ரஸ் வேலியில் சாய்ந்துகொண்டு, “என்ன கிளெனிஸ், ராக்கெட்டா? உன் வீட்டுக்காரனை உள்ள வச்சு அனுப்பிடு” என்றான். புகைபோக்கிக்குத் துத்தநாகம் பூசிய குழாய் ஒன்றும் கொண்டுவந்தான். சூடேறினால் துத்தநாகப் புகை ஆளைப் படுக்கவைத்துவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டு, கறுப்பு இரும்புக் குழாயே வாங்கினாள். பழைய பெயின்ட் எரிந்து போகட்டுமென்று முதல் தீயை வெட்டவெளியில் மூட்டினாள். பிறகுதான் அடுப்பு உள்ளே போனது.

நன்றாகவே எரிந்தது. கூரைத் தகரத்து உறைபனி உருகிச் சொட்டியது. லிண்டன் கைகளைச் சூடாக்கிக்கொண்டான், மனதாரப் பாராட்டினான், திரும்பி வந்து சமையலறையிலேயே உட்கார்ந்தான்.

“அங்க பசை பிடிக்கும்ல?” என்றாள் கிளெனிஸ்.

“பிடிக்கும்.”

“அப்புறம் என்ன?”

“டீ குடிக்க ஒவ்வொரு தடவையும் எழுந்து வரணுமே.”

கிளெனிஸ் மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டாள். அடுப்பாகப் படுத்திருந்த சிலிண்டரின் உருண்டை முதுகில் ஒரு தட்டையான இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தாள். கெட்டிலை எடுத்துப்போய் அதன்மேல் வைத்தாள். அன்றைக்கே நாற்காலிகளும் போயின. மறுநாள் ரஸ்ஸும் அங்கே ஒரு நாற்காலி பிடித்துக்கொண்டான்.

கிளெனிஸ் மேஜையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிவிட்டு, மாவை மேஜை முழுக்கப் பரத்தித் தேய்த்தாள். கொட்டகையிலிருந்து லிண்டனின் குரல் வந்தது: “கிளெனிஸ், இங்க பால் இல்ல.”

அவள் பூரிக்கட்டையைக் கீழே வைக்கவில்லை.

“பக்கத்துல உட்கார்ந்திருக்கானே, அவன்கிட்ட கேளு. மாடே வச்சிருக்கான்.”